குதிருக்குப் பின்னால் ஒரு முழ இடம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மகிபாலர் என்றொரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். காலையில் மனதில் தோன்றியது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும், அந்த ஒரு குறையைத் தவிர.

ஒருநாள் அவர் ஒரு வணிகர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பந்தியில் ஒரு பெரியவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இலையிலிருந்த லட்டை மெல்ல எடுத்து மேல்துண்டில் முடிந்துகொண்டார். மன்னர் கண்ணில் பட்டுவிட்டது. "அது என்ன ஐயா?" என்றார். பெரியவருக்கு நாக்கு குழறியது. "விபூதி, மகாராஜா" என்று சொல்லிவைத்தார்.

மன்னருக்கு மனசே விட்டுப்போயிற்று. அரண்மனைக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டினார். "என் குடிகள் என்னிடமே மறைக்கிறார்கள்! லட்டை விபூதி என்கிறார்கள்! இதற்கு என்ன செய்யலாம்?"

இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் பிரதானி நாகேசர் எழுந்தார். இந்த நாகேசருக்கு ஒரு தீராத வயிற்றெரிச்சல். அவர் நாட்டு நிலவரம் சொன்னால் மன்னர் கொட்டாவி விடுவார். விகடகவி சாத்தப்பன் வாயைத் திறந்தால் சிம்மாசனம் குலுங்கச் சிரிப்பார். அது போதாதா?

"மன்னர் மன்னா, இன்று லட்டை மறைப்பவன் நாளை வாளை மறைப்பான். வீடுகளில் மறைவிடம் இருப்பதால்தான் மறைக்கத் தோன்றுகிறது. கதவு, திரை, மூடி எல்லாவற்றையும் அகற்றிவிட்டால் கவலை தீர்ந்தது. இந்தப் பணிக்குச் சாத்தப்பரே பொருத்தமானவர். அவருக்கு அனுபவம் உண்டு. அவர் வீட்டிலேயே நெற்குதிருக்குப் பின்னால், பழம்புடவை கட்டி மறைத்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சீமந்தத்துக்குப் போன என் மனைவி கண்ணால் கண்டு வந்தாள்."

சபை முழுக்கச் சாத்தப்பனைத் திரும்பிப் பார்த்தது. அந்த இடம் அவனுடையதல்ல, அவன் மனைவி பூங்காவனத்துடையது.

"சாத்தப்பரே!" என்றார் மன்னர். "நம் நாட்டில் எந்த வீட்டிலும், யார் கண்ணுக்கும் மறைவான இடம் இனி இருக்கக் கூடாது. தச்சர்களை அழைத்துக்கொண்டு நாளைக் காலையே தொடங்கும். ஒரு வீட்டை விட்டாலும் நீர் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும்."

"ஒரு வீட்டையும் விடக் கூடாது. அப்படித்தானே, மகாராஜா?"

"அப்படியேதான்!"

நாகேசர் மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டார். இடத்தை இடித்தால் வீட்டில் பூகம்பம், இடிக்காவிட்டால் நாடு கடத்தல். விகடகவி எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்குக் கொண்டாட்டம்தான்.

சாத்தப்பன் வீட்டுக்குப் போகுமுன்பே செய்தி போய்விட்டது. பூங்காவனம் அடுப்படியில் நின்றபடி கேட்டாள்.

"அப்போ எல்லாத்துக்கும் முன்னாடி என் புடவைத் திரையைத்தான் கிழிக்கப் போறீங்களா?"

சாத்தப்பன் தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"விடிஞ்சதிலேர்ந்து இந்த வீட்ல என்னைக் கூப்பிடாத வாய் இருக்கா? அண்ணி, எண்ணெய் எங்கே? மருமகளே, வெந்நீர் எங்கே? அம்மா, இவன் என்னை அடிச்சிட்டான்! மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சுப் படுத்தப்புறம், அந்தக் குதிருக்குப் பின்னாடி கொஞ்ச நேரம் உக்காருவேன். அப்ப நான் யாருக்கும் அண்ணி இல்ல, மருமக இல்ல. வெறும் பூங்காவனம். அதுகூடவா ராஜாவுக்குப் பொறுக்கல?"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க என்ன வெச்சிருக்கேன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கலை" என்றான் சாத்தப்பன்.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே ஒரு சின்னப் பானை, பானைக்குள் கல் மாதிரிக் கெட்டியான பொருள்விளங்கா உருண்டை. எந்தச் சத்தமும் இல்லாத மத்தியானத்தில், வாயில் ஊறி ஊறிக் கடைசியில் 'கடக்'கென்று அது உடைவது குதிருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். அந்த நேரத்தில் யாராவது அவளைத் தேடி வந்தால், "கோவிலுக்குப் போயிருக்கா" என்று சொல்லி அனுப்பிவிடுவது அவன் வழக்கம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் அவனும் இருந்தான். நாட்டை விட்டுப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த ஒரு முழ இடத்தைத் தன் கையாலேயே பிடுங்குவது முடியாது என்று அவனுக்குப் பட்டது.

மறுநாள் காலை, தச்சர்கள் புடைசூழச் சாத்தப்பன் அரண்மனை வாசலில் நின்றான். முதல் உளி அரண்மனைக் கதவில்தான் இறங்கியது. சத்தம் கேட்டு மன்னர் ஓடிவந்தார்.

"என்ன இது?"

"உத்தரவு, மகாராஜா. தாங்கள் இங்கேதான் உண்கிறீர்கள், உறங்குகிறீர்கள். நாட்டிலேயே பெரிய வீடு இது. இது வீடே இல்லை என்று தாங்கள் சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போகிறேன்."

மன்னர் விழித்தார். நாகேசர் முந்திக்கொண்டார். "அரண்மனையே வழிகாட்டட்டும், மன்னர் மன்னா! பிறகு இவர் தம் வீட்டுக்குச் சலுகை கேட்க முடியாதல்லவா?"

சரி என்று மன்னரும் தலையாட்டினார். கதவுகள் கழன்றன, திரைகள் இறங்கின. பாவம், அன்றைக்கு அந்த மனிதர் பட்ட பாடு! எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாட ஆரம்பித்தார், வாசல் காவலர்கள் தாளம் போட்டார்கள். கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தார், அரசியின் அத்தை நேரே நடந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்து தன் மூட்டுவலியைப் பற்றி விவரமாகச் சொன்னாள். முதுகைச் சொறியக்கூட அவருக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை.

மத்தியானத்தில் ஆயுதசாலைக் கதவு ஒன்றுதான் மிச்சம். தினமும் அந்த வேளையில் மன்னர் தனியாக அதற்குள் போவார். வாள்களின் கூர்மை பார்க்க என்பார். எந்த வாளும் தீட்டப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளே போகும்போது இருக்கிற முகம் வேறு, மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற முகம் வேறு. இதைச் சாத்தப்பன் வெகுநாளாகக் கவனித்து வைத்திருந்தான்.

மன்னர் கதவின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "இது ஆயுதசாலை! இதைத் தொடாதீர்!"

"உத்தரவானால் விட்டுவிடுகிறேன், மகாராஜா" என்றான் சாத்தப்பன், ரொம்பப் பணிவாக.

"கூடாது!" என்று துள்ளினார் நாகேசர். "இந்தக் கதவை விட்டால் நாளை இவர் தம் வீட்டு நெற்குதிர் மறைவையும் விடச் சொல்வார். தாங்கள் விலகி நில்லுங்கள், மன்னர் மன்னா!" என்று தாமே கதவைப் பிடித்து வேகமாக இழுத்தார். உள்ளே சாய்த்து வைத்திருந்த பெரிய கேடயம் தடாலென்று விழுந்தது. அதன் பின்னாலிருந்து அதிரசங்கள் வரிசையாக உருண்டு வந்தன. ஒன்று நாகேசரின் காலடியில் வந்து படுத்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மன்னர் எதை உண்பதாக இருந்தாலும், விஷம் இருக்கிறதா என்று பிறர் ருசி பார்த்த பிறகே உண்ண வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். பிரதானி ஒரு விள்ளல், வைத்தியர் ஒரு விள்ளல், சோதிடர் ஒரு விள்ளல். கடைசியில் மன்னரிடம் வருவது பெரிய பொன் தட்டும் அதன் நடுவில் ஒரு துணுக்கும்தான்.

நாகேசர் என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷம்! குனிந்து, அந்த அதிரசத்தை எடுத்து, ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கீழே வையும் அதை!" என்று மன்னர் அலறிய அலறலில் கொட்டிலில் யானை பிளிறியது. "பட்டம் கட்டிய நாள் முதல் ஒரு முழு அதிரசம் தின்றிருக்கிறேனா நான்? கிழவி ஒருத்தியைக் கெஞ்சிச் சுடச் சொல்லி வாங்கி, இந்தக் கேடயத்துக்குப் பின்னால் நின்று, என் வாயை யாரும் பார்க்காத இந்த ஒரே இடத்தில் தின்றுகொண்டிருந்தேன். அதையும் கெடுத்துவிட்டீரே!"

சாத்தப்பன் கைகூப்பினான்.

"மகாராஜா, இதைத் தாங்கள் மறைத்து வைத்தது குடிகளுக்குத் துரோகம் செய்யவா?"

"துரோகமா? அதிரசம் ஐயா, வெறும் அதிரசம்!"

"மற்ற வீடுகளிலும் அவ்வளவுதான், மகாராஜா. வேறொன்றும் இல்லை."

மன்னர் அவனைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த அதிரசங்களைப் பார்த்தார். வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்ற நாகேசரைப் பார்த்தார். அவ்வளவுதான், அங்கேயே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அன்று மாலை ஊரெங்கும் முரசறைந்து புது உத்தரவு சொன்னார்கள். எந்த வீட்டிலும், யாராக இருந்தாலும், தனக்கென்று ஓர் இடம் வைத்துக்கொள்ளலாம். கேட்காமல் அடுத்தவர் அதைத் திறக்கக் கூடாது. அரண்மனைக் கதவுகளைத் திரும்ப மாட்டுகிற வேலை நாகேசர் தலையில் விழுந்தது. இனி அவர் வைத்தியர் காய்ச்சும் கஷாயத்தை மட்டும் ருசி பார்த்தால் போதும் என்றும் உத்தரவாயிற்று.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும், கேளும்."

"ஒரு தச்சர் போதும், மகாராஜா. குதிருக்கும் சுவருக்கும் நடுவே என் மனைவிக்கு ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும்."

"தரலாம். உம் மனைவி அங்கே அப்படி என்னதான் வைத்திருக்கிறாள்?"

"கேட்டதில்லை, மகாராஜா."

மன்னர் மறுபடியும் சிரித்தார். இந்தமுறை மெதுவாக.

கதவு மாட்டிய மத்தியானம், பூங்காவனம் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெளியே யாரு நிக்கிறது?"

"நான்தான்."

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். கதவு சரியாச் சாத்துதான்னு பார்த்தேன்."

"சாத்துது. போங்க."

சாத்தப்பன் சந்தோஷமாகப் போனான்.