நான்கு காலி வரிகள்

ஓர் ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பல் மருத்துவமனை இருந்தது. அங்கே மேசைமேல் உட்கார்ந்து அதிகாரம் செய்தது ஒரு முன்பதிவு நோட்டு. ஒரு நாளுக்கு இருபது வரி. இருபதிலும் பெயர் விழுந்தால்தான் அதற்கு மூச்சு சீராக வரும்.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் ரெஜினா அரசுக் காப்பீட்டின் புதிய ஒப்பந்தத்தோடு வந்தார்.

"முப்பிடாதி, இனிமே தினம் நாலு வரி காலியா இருக்கணும்," என்றார் வரவேற்பில் இருந்த பெண்ணிடம். "வலியோட வர்றவங்கள அன்னைக்கே பாக்கணும். பல்லு நல்லா இருக்கவங்கள ஆறு மாசத்துக்கு ஒருக்கா கூப்பிட வேண்டாம். வருசத்துக்கு ஒரு தடவை போதும்."

நோட்டு படபடவென்று பக்கங்களை அடித்துக்கொண்டது. நாலு வரி காலியா! இன்றைக்கு நாலு, நாளைக்கு நாற்பது. அப்புறம் பழைய பேப்பர்காரர் சாக்குதான் கதி.

"நாற்காலி அண்ணாச்சி, நம்ம காலம் முடிஞ்சுது," என்று புலம்பியது.

நோயாளிகளைச் சாய்த்துப் படுக்கவைக்கும் நாற்காலி எதற்கும் பதறாதவர். "ஏன் முடியணும்? நீ இடம் விட்டா ஒரு ஆள் வந்து உக்காரப் போறாரு."

"வராட்டா?"

"வராட்டா கொஞ்ச நேரம் முதுகை ஆத்திக்கிடுதேன்."

தட்டில் கிடந்த பல் பிடுங்கும் குறடு சிரித்தது. "வலி என்ன, உங்கிட்ட நாள் கேட்டுட்டா வருது?"

நோட்டுக்கு எதுவும் ஏறவில்லை. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதன் கண்ணுக்கு வெளுத்ததெல்லாம் பேய். முப்பிடாதி பக்கத்தைத் திறந்ததும் குழைந்து பேசியது.

"பழைய ஆளுங்களக் கைவிடலாமா தாயி? அவங்க பேரை அந்த நாலு வரியிலயும் பென்சில்ல எழுதி வையி. அவசரம்னு யாராவது வந்தா அழிச்சிக்கலாம்."

நியாயமாகத்தான் பட்டது. முப்பிடாதி எழுதினாள்.

வியாழக்கிழமை பிற்பகல் ஒருவர் வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கழுத்துவரை இறங்கியிருந்தது. எச்சிலைத் துண்டில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"மூணு நாளா வலி தாயி. இப்ப வாயே தொறக்க முடியல. டாக்டரம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருதேன்."

முப்பிடாதி ரப்பரை எடுத்தாள். பென்சிலில் இருந்த முதல் பெயர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"அழிச்சிராத!" என்று பதறியது நோட்டு. "எழுதின பேரை அழிச்சா நாளைக்கு நம்மள யாரு நம்புவா?"

அவள் கை நின்றது. "இன்னைக்கு இடமில்ல அண்ணாச்சி. நாளைக்குக் காலையில வாங்க."

கெஞ்சத் தெரியாத மனிதர். "சரி தாயி," என்று படியிறங்கிப் போனார். நோட்டு தன் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டது. இருபதும் இருபதாகவே இருந்தன. ஆனாலும் மனம் ஆறவில்லை.

நாலரை மணிக்குத் தலைமையாசிரியர் போன் செய்தார். "பல்லு நல்லாத்தாம்மா இருக்கு. அடுத்த வாரம் வாறேன்."

டாக்டர் வெளியே வந்தார். "நாற்காலி சும்மா கிடக்கே. வலின்னு யாரும் வரலையா?"

முப்பிடாதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். டாக்டரின் முகம் வெளுத்தது.

"எச்சி முழுங்கினாரா?"

"துண்டுல துடைச்சிக்கிட்டே இருந்தாரு, அக்கா."

"அடிப்பாவி, அந்த வீக்கம் மூச்சையே அடைச்சிருமே! உடனே போன் போடு. நம்பர் எங்க?"

இருவரும் நோட்டின்மேல் குனிந்தார்கள். நோட்டும் தனக்குள்ளே தேடியது. இருபது பெயர், இருபது நம்பர். அவருடையது மட்டும் இல்லை. எழுத வரி இல்லாததால் யாரும் அவர் பெயரைக் கேட்கவேயில்லை.

முப்பிடாதி பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். தனியாகத்தான் திரும்பினாள்.

மறுநாள் காலையில் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் நோட்டு நிமிர்ந்து பார்த்தது. பென்சிலைக் கிட்டே விடவில்லை. வலியோடு வந்தவர்கள் தினமும் அந்த நாலு வரியில் பெயர் எழுதி, நாற்காலியில் உட்கார்ந்து, வலி தீர்ந்து எழுந்து போனார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையிலேயே தலைமையாசிரியர் வந்து மேசைமேல் எட்டிப் பார்த்தார்.

"நாலு வரி சும்மாதானே கிடக்கு? யாருக்கும்மா வச்சிருக்கீங்க?"

முப்பிடாதி வாசலைப் பார்த்தாள். நோட்டுதான் பதில் சொன்னது.

"பேரு தெரியாது சார்."