வெறும் தண்ணீரில் வந்த டி.என்.ஏ

பேராசிரியர் வைத்தியலிங்கத்துக்குக் கையுறை என்றாலே இளக்காரம். "முப்பது வருஷம் பழகின கை இது" என்று எதையும் வெறுங்கையால்தான் தொடுவார். ஒருநாள், வெறும் தண்ணீர் மட்டுமே இருக்க வேண்டிய சோதனைக் குழாயில் மனித டி.என்.ஏ இருந்து தொலைத்தது. பழியை எம்.எஸ்ஸி மாணவி இசக்கியம்மாள் தலையில் போட்டார்.

"உன்னோடது இல்லைன்னா யாரோடதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபி. இல்லாட்டி புராஜெக்ட்ல கையெழுத்து கிடையாது."

இசக்கி அழவில்லை. மூன்று நாள் டி.என்.ஏ சோதிக்கும் மெஷினை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் முடிவை நீட்டினாள்.

"ஆள் பேர் தெரியலை சார். ஆனா ஆம்பளைக்கு மட்டும் இருக்கிற ஒய் குரோமோசோம் இதுல இருக்கு."

வைத்தியலிங்கம் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்தார். பதினோரு மாணவர்கள். பதினோரு பேரும் பெண்கள்.

இசக்கி கையுறைப் பெட்டியையும் புராஜெக்ட் தாளையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கையெழுத்தை மட்டும் வெறுங்கையால போடுங்க சார்."