ராசாளி இறங்கிய நேரம்

பறவைப்படம் எடுக்கக் கற்றுத்தருகிற துரைசிங்கம், ஒளிந்திருக்கப் போட்ட துணிக்கூடாரத்துக்குள் உட்கார்ந்து விடிந்ததிலிருந்து போனில் பேசிக்கொண்டே இருந்தார். எதிரே ஒரு பட்டமரம். ராசாளி மேலே வட்டமடித்ததே தவிர, இறங்கவில்லை.

பழியோ மாணவி முத்திசக்கி மேல் விழுந்தது. “எல்லாம் உன் ராசி! உச்சிப்பொழுதுக்குள்ள அது மரத்துல உக்காந்த படம் வேணும். இல்லன்னா நாளையிலேருந்து வகுப்புக்கு வராத!”

“சார், நாம உள்ள நுழைஞ்சதை அது பாத்துருச்சு. ஒருத்தர் வெளியே போனா, கூடாரம் காலின்னு நம்பி இறங்கும். எத்தனை பேருன்னு அதுக்கு எண்ணத் தெரியாதுல்லா?”

“அப்ப நீ போ.”

“நான் போனா அது திரும்பிப் பாக்குமா சார்? உங்களை மாதிரி பெரிய ஆள் நடந்து போனாத்தான் அது கண்ணுல படும்.”

துரைசிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போன் பேச்சை விடாமலே ஜீப்பை நோக்கி நடந்தார். அவர் குரல் தேய்ந்து மறைந்ததும் ராசாளி வந்து உட்கார்ந்தது. முத்திசக்கி படத்தை எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வகுப்பே கூடி அந்தப் படத்தை வியந்தபோது, அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “நான் இல்லாட்டா ராசாளி வந்திருக்குமா? நீயே சொல்லு.”

“அது எப்பவோ வந்திருக்கும் சார்,” என்றாள் முத்திசக்கி. “நீங்க கிளம்பத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு!”