சுவரில்லாத கடைக்கு ஒரு கதவு

எப்பவோ ஒரு காலத்தில் மஞ்சப்பாடி நாட்டை மகிடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் குளிக்கும் முன் ஒரு புத்தி, குளித்த பின் ஒரு புத்தி. ஒருநாள் பல்லக்கில் போகும்போது கந்தல் கட்டிய ஜனங்களைப் பார்த்து அழுதுவிட்டார். "ஒரு வருஷத்துக்குள் என் ஊரில் ஏழை என்று ஒருத்தர் இருக்கக் கூடாது" என்று வணிக மந்திரி தாண்டவராயருக்கு உத்தரவு போட்டார்.

தாண்டவராயர் நூறு கதவு வைத்து ஒரு கடை மாளிகை கட்டினார். ஏழைகள் அதில் கடை வைத்துப் பிழைக்கலாமாம். ஆனால் கடை கேட்பவனுக்காகப் பத்துப் பணக்காரர்கள் வந்து 'இவன் நல்லவன்' என்று சொல்ல வேண்டுமாம். பத்துப் பணக்காரர்களைத் தெரிந்தவன் எதற்கு ஏழையாக இருக்கிறான்? மாளிகையில் வௌவால்தான் குடியேறியது.

"ஏனய்யா ஒரு கடைகூட இல்லை?" என்றார் ராஜா.

"எல்லாம் தெருவோரத்தில் விற்கிற கூட்டத்தால்தான் மகாராஜா. அதெல்லாம் வியாபாரமா? ஒரு கதவு உண்டா, ஒரு மரியாதை உண்டா?"

ராஜா அப்போது குளிக்கவில்லை. "சரி, சட்டம் போடும்" என்றார்.

தேரடி முனையில் பணியாரம் சுடும் பூவாயிக்கு இந்தச் செய்தி தண்டோராவோடு வந்தது. புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு பணியாரச் சட்டியும்தான். அந்தச் சட்டிதான் மூன்று பேருக்கும் சோறு.

தண்டோராக்காரன் கத்தினான்: "கதவில்லாத கடை கடையே அல்ல. நாளை முதல் அதன் சட்டி பானை பறிக்கப்படும். கதவு வழியாக வராமல் கடைக்குள் நுழைபவன் திருடன். அவன் கைகால் கட்டப்படும்."

இரண்டாவது பகுதி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரே வரியில் சட்டம் எழுதினால் கனமாக இருக்காது என்று தாண்டவராயர் சேர்த்தது அது.

பக்கத்தில் மோர் விற்கும் செல்லக்கண்ணு அழவே ஆரம்பித்துவிட்டாள். பூவாயியின் சட்னி அவ்வளவு காரம். அதைத் தின்றவர்கள் நேராகச் செல்லக்கண்ணுவிடம்தான் ஓடுவார்கள். சட்டி போனால் மோரும் போச்சு.

"அழாதேடி. கதவுதானே கேட்கிறாங்க?" என்றாள் பூவாயி.

இடிந்த மாட்டுக்கொட்டகை ஒன்றிலிருந்து ஒரு பழைய கதவைத் தூக்கிவந்தாள். இரண்டு மூங்கிலை நட்டு, அடுப்புக்கு முன்னால் கதவை நிறுத்தினாள். சுவர் கிடையாது. சும்மா ஒரு கதவு. மறுநாள் ஜனங்கள் வரிசையில் நின்று, தட்டி, திறந்து, வந்து, மறக்காமல் சாத்தினார்கள். அந்தக் கூத்துக்காகவே கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

உச்சிவெயிலில் தாண்டவராயர் நாலு சேவகர்களோடு வந்தார். பூவாயி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏய், சுவர் எங்கே?"

"சட்டத்தில் சுவர் இல்லைங்க ஐயா, கதவுதான் இருக்கு."

"சுற்றிப் போய்ச் சட்டியைத் தூக்குங்கடா."

ஒரு சேவகன் கதவைச் சுற்றிக் காலெடுத்து வைத்தான்.

"அண்ணே, கதவு வழியா வராதவன் திருடன். உங்களை யாரு கட்டப்போறா, அந்த மூணு பேரா?" என்றாள் பூவாயி.

சேவகன் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான். மற்ற மூன்று பேரும் கயிறு இருக்கிறதா என்று பார்த்ததை அவன் கவனித்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் மந்திரி கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் பூவாயி, மூன்றடி தள்ளி அவர் முகத்தைப் பார்த்தபடியே.

"நான்தான். தெரியலையா?"

"கதவு சாத்தியிருக்கே, எப்படித் தெரியும்? பத்துப் பணக்காரங்க வந்து நீங்க நல்லவர்னு சொல்லட்டும், திறக்கிறேன்."

தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு ராஜாவின் பல்லக்கே அந்தப் பக்கம் திரும்பியது. வெட்டவெளியில், ஒற்றைக் கதவுக்கு முன்னால், அவருடைய மந்திரி வேர்த்து வடிந்துகொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீர்?"

"உள்ளே போகணும் மகாராஜா. பூட்டியிருக்கு."

ராஜா கதவுக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கிரீடம் கழன்று விழும்வரை சிரித்தார். பிறகு தானே போய்த் தட்டினார்.

"ராஜா வந்திருக்கேன்மா."

"பசியோடயா, சட்டத்தோடயா?"

"பசியோட."

கதவு திறந்தது. ராஜா ஒரு பணியாரத்தைச் சட்னியில் முக்கி வாயில் போட்டார். காதிலிருந்து புகை வராத குறை. ஓடிப்போய் மூன்று குவளை மோர் குடித்தார்.

"ஏம்மா, காரத்தைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"குறைச்சா மோர்க்காரி என்ன சாப்பிடுவா மகாராஜா?"

ராஜா வாயைத் துடைக்க மறந்து நின்றார். அவள் சட்டியில் செல்லக்கண்ணு பிழைக்கிறாள். மோருக்கு நிற்கும் கூட்டத்திடம் எதிரே ஒருவன் வெற்றிலை விற்கிறான். ஒரு மாளிகை செய்யாததை ஒரு சட்னி செய்துகொண்டிருந்தது.

"சட்டம் ரத்து. மாளிகையின் நூறு கதவையும் கழற்றுங்க. படுக்கப்போட்டு, நாலு கால் அடிச்சுப் பலகையாக்குங்க. பலகை இல்லாமல் தரையில் கடை போடுறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. தாண்டவராயரே, ஒரு மாசம் இந்தக் கதவைத் திறந்து சாத்துவது உம்ம வேலை."

அன்று ராஜா இரண்டாவது தடவை குளிக்கவே இல்லை. அதனால் உத்தரவு மாறவில்லை.

மாசக் கடைசி நாளில் பணியார வாசனை தாங்க முடியாமல் தாண்டவராயர் மெல்லக் கேட்டார், "எனக்கு ஒண்ணு கிடைக்குமா தாயி?"

"வெளியே போய்த் தட்டிட்டு வாங்க."

அவரே தட்டினார். அவரே சுற்றி ஓடிவந்து திறந்தார். அவரே மறுபடி வெளியே போய், வாசல் வழியாக மரியாதையாக உள்ளே வந்து ஒரு பணியாரம் தின்றார். அப்புறம் மோருக்கு ஓடினார்.