பச்சைச் சாறு தெளித்த புல்தரை

காது கொடுத்துக் கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை வீரவல்லபன் என்னும் அரசன் ஆண்டு வந்தான். கெட்டவன் அல்ல. ஆனால் கெட்ட சேதி சொன்னால் அவனுக்கு ஆகாது.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு புல்தரை. அதன் நடுவே ஒரு நாவல் மரம். முடிசூடிய அன்று அரசன் தன் கையால் நட்டது. அது வளர்ந்தது, கிளைத்தது, தரையில் வெயிலே விழாதபடி கவிந்துகொண்டது. தினமும் காலையில் அரசன் அங்கே உலாவுவான். "ஆகா, என்ன பசுமை!" என்பான்.

ஒரு நாள் செருப்பின் வார் அறுந்தது. வெறுங்காலோடு நடந்தான். புல் முள்ளாய்க் குத்தியது. காலைத் தூக்கிப் பார்த்தால், உள்ளங்கால் பச்சையாக இருந்தது!

திடுக்கிட்டான். ஒரு பிடி புல்லைப் பற்றி இழுத்தான். வேரோடு வந்தது, உள்ளே வைக்கோலாய்க் காய்ந்து கிடந்தது. இன்னொரு பிடி, அதுவும் வைக்கோல். மூன்றாம் பிடியும் அப்படியே.

காவலனைக் கேட்டான். "நன்றாகத்தானே இருக்கிறது, அரசே." தளபதியைக் கேட்டான். "நன்றாகத்தானே இருக்கிறது, அரசே." அமைச்சரைக் கேட்டான். அவர் அரசனின் பச்சைக் காலைப் பார்த்துக்கொண்டே, "நன்றாகத்தான் இருக்கிறது, அரசே" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரி காத்தாயி பானையோடு வந்தாள். முழங்கைவரை பச்சை. அரசனைக் கண்டதும் பானை நழுவி உடைந்தது.

"என்ன இது?"

"தழைச்சாறு, ராசா. புல் செத்தது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு தினமும் தெளிப்போம். மூணு வருசமா."

"ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே!"

 காத்தாயி துணிந்து சொன்னாள்: "என் வீட்டுக்காரர் சடையன் சொன்னாரே, ராசா. நிழல்ல புல் சாகுது, நாலு கிளையைக் கழிக்கணும்னார். நீங்கதான் 'என் மரத்தைத் தொட நினைப்பவனுக்கு என் நாட்டில் இடமில்லை'ன்னு துரத்திட்டீங்க. இப்ப ஆத்துக்கு அக்கரையில மண் சுமக்கறார்."

அரசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அது நினைவே இல்லை. ஒரு குடும்பத்தைப் பிரித்த சொல், சொன்ன மறுகணமே மறந்துபோயிருந்தது.

பிறகு எழுந்தான். சபையைக் கூட்டினான். "வேறு எதையெல்லாம் என்னிடம் மறைத்தீர்கள்? யாரையும் துரத்தமாட்டேன். சொல்லுங்கள்."

 முதலில் ஒருவர், "ஏரிக்கரை உடைந்து இரண்டு மழையாகிறது" என்றார். இன்னொருவர், "களஞ்சியத்தில் மேலே நெல், கீழே உமி" என்றார். கடைசியாக அமைச்சர் தலை குனிந்தார். "வடக்கே ஏழு ஊர்களில் ஆளே இல்லை, அரசே. பஞ்சத்தில் போய்விட்டார்கள்."



மறுநாள் தானே பரிசலில் ஏறி அக்கரைக்குப் போனான். அரசனைக் கண்ட சடையன், கொல்லத்தான் வருகிறார் என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினான். அரசன் பின்னாலேயே ஓடினான். "நில் ஐயா! நீ சொன்னதுதான் சரி. புல் செத்துவிட்டது!"

அதைக் கேட்டு நின்ற சடையன், அரசனோடு திரும்பி வந்து அரிவாளோடு நாவல் மரம் ஏறினான். கீழே கயிற்றைப் பிடித்தவன் அரசன். முதல் கிளை முறிந்து விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் தரையில் வெயில் விழுந்தது. வைக்கோலைச் சுரண்டினார்கள், இறுகிய மண்ணைக் கொத்தினார்கள், மக்கிய இலையைப் போட்டார்கள். ஓடையோரத்து நிழலில் வளரும் புல்லை வேரோடு பெயர்த்து வந்து நட்டார்கள்.

"மழைக்காலம் முடியும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. நீங்களும்தான், ராசா" என்றான் சடையன். அரசன் மிதிக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் ஏரிக்கரையை அடைக்கப் போயிருந்தான்.

திரும்பி வந்தபோது புல் முளைத்திருந்தது. வெளிறிய பச்சைதான், அங்கங்கே சொட்டைதான். ஆனால் உயிருள்ள புல்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: உண்மை சொல்பவனைத் துரத்துகிறவனுக்குத் தன் காலடியில் நடக்கும் அழிவுகூடத் தெரியாது.