பத்தாவது தலை

கதை சின்னதுதான். கவனமாகக் கேளுங்கள், முடிவில் உங்களைத்தான் கேட்பேன்.

சின்னப்பாறைப்பட்டி அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை மொத்தமே பத்துப் பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப்பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அந்தச் சாலையில்தான் போன மாதம் சுகந்தியின் பசு லாரியில் அடிபட்டுச் செத்தது. அவள் மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. தட்டானைக் கண்டால் முன்பின் பார்க்காமல் ஓடுகிறவள்.

அதிகாரி தலையெண்ண வரும் காலையில்தானா அந்தச் சேதி வர வேண்டும்? பக்கத்து வீட்டு மேகலா, அந்தப் பத்தில் ஒருத்தியான தன் மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டாளாம். நாலாம் வகுப்பு மகன் கிஷாந்துக்கு டை மாட்டிக்கொண்டிருந்த சுகந்தி, பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

"ஏண்டி, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? என் புள்ள அந்த ரோட்டைத் தாண்டணுமே!"

"உன் புள்ளைக்குத் துணைக்கு என் புள்ள உக்காந்திருக்கணுமாக்கா? நல்லா இருக்கே நியாயம்!"

அங்கிருந்து பள்ளிக்கு ஓடினாள். ஜெசிந்தா டீச்சரின் ஒரே பையன் டவுனில் தனியார் பள்ளியில் ஒன்பதாவது படிப்பது ஊருக்கே தெரியும்.

"நீங்களே நம்பாத பள்ளிக்கூடத்தை வேற யாரு டீச்சர் நம்புவா?"

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். "சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்மா. பிரேயருக்குள்ள ஒரே ஒரு புள்ள வந்து நின்னாப் போதும், சேர்த்துக்கிறேன். டி.சி. பின்னாடி வாங்கிக்கலாம்."

சுகந்தி தெருத்தெருவாக ஓடினாள். எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும் டை, ஷூ. தொலைவில் ஜீப்பின் புழுதி தெரிந்தது. அவள் வாசலில் மஞ்சள் வேன் ஹாரன் அடித்தது. "நேரமாச்சு, ஏறுடா!" என்று கிஷாந்தை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி ஓடினாள்.

பிரேயர் முடிந்தது. அதிகாரி இரண்டு முறை எண்ணினார். ஒன்பது.

வரிசையிலிருந்து யாழினி அம்மாவுக்குக் கையாட்டினாள்.

மேகலா, டீச்சர், சுகந்தி. இவர்களில் பள்ளிக்குப் பூட்டுப் போட்டது யார்?

விடை: மேகலாவைச் சொல்வீர்கள். சுகந்தி மகனுக்குச் செய்ததைத்தான் அவள் மகளுக்குச் செய்தாள். டீச்சரா? ஒன்பதாவது படிக்கிற பையனைத் தொடக்கப் பள்ளியில் எங்கே உட்கார வைப்பதாம்? பத்தாவது தலை மஞ்சள் வேனில் போனது. ஏற்றிவிட்டது சுகந்தியின் கை. ஊரையெல்லாம் எண்ணியவள் தன் வீட்டை எண்ணவில்லை. அது அவளுக்கு உறைத்தது அடுத்த திங்கட்கிழமை, யாழினியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலுவழிச் சாலையோரம் நின்றபோது. ஒரு லாரிகூட வேகத்தைக் குறைக்கவில்லை.