தேவாங்கு எழுதிய வெற்று நிரல்

வெயில் முற்றிய ஒரு காட்டில், ஒரே ஒரு குட்டையில்தான் நீர் எஞ்சியிருந்தது. விலங்குகள் அனைத்தும் அங்கேயே நீர் அருந்தின. சிறுத்தையும் அங்கேயே வந்தது.

ஆகவே, குழந்தைகளே, விலங்குகள் ஒரு பாறைமேல் கணினியையும் ஒலிபெருக்கியையும் அமைத்தன. நாளுக்கொரு விலங்கு காவல் இருக்க வேண்டும். சிறுத்தையைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கான நிரலை எழுதும் வேலை யானையின் தலையில் விழுந்தது.

பத்து நாள் ஓயாமல் எழுதிய யானை, சோர்ந்த குரலில் கூறியது: "'காவலர்' என்னும் அருவ வகுப்பை, அதாவது காவலர் எல்லோருக்கும் பொதுவான நிரல் அச்சை, எழுதிவிட்டேன். அது வெறும் வடிவம். வடிவம் பாறையில் வந்து உட்காராது. உங்களுள் ஒருவர்தான் உட்கார வேண்டும். நடந்ததைத் திரையில் குறிக்கும் பகுதி எல்லோருக்கும் பொது, அதை முடித்துவிட்டேன். 'எச்சரி' என்னும் பகுதிக்குப் பெயர் மட்டும் இட்டிருக்கிறேன். எவ்வாறு எச்சரிப்பது என்பதை அவரவரே எழுதுங்கள். எழுதாதவரைக் கணினி ஏற்காது. எழுதியவர் என் முன்னிலையில் ஒருமுறை அழுத்திக் காட்டுங்கள்."

குரங்கு தன் அலப்பல் குரலை எழுதியது. மயில் தன் அகவலை எழுதியது. இரண்டும் அழுத்திக் காட்டின, காடு அதிர்ந்தது.

தேவாங்கு கொட்டாவி விட்டது. 'எச்சரி' என்று எழுதி, அதனருகே இரண்டு அடைப்புக்குறிகளை இட்டது. இடையில் ஒன்றும் எழுதவில்லை. 'பிழை ஏதும் இல்லை' என்றது கணினி.

மயில் எட்டிப் பார்த்தது. "என்ன தேவாங்கண்ணே! வீடு கட்டச் சொன்னால் வாசற்காலை மட்டும் நட்டுவிட்டு வந்திருக்கிறீரே!"

"கணினியே தடை சொல்லவில்லை, கேட்பதற்கு நீ யார்? தோகையைச் சுருட்டிக்கொண்டு போ."

யானையிடம் அழுத்திக் காட்டும் முறை தேவாங்குக்குக் கடைசியில் வந்தது. அதற்குள் யானையின் கண்கள் தூக்கத்தில் செருகியிருந்தன.

"கணினி ஏற்றதா?"

"ஏற்றது, ஐயா."

"அப்படியானால் போ. இனி என்னால் நிற்க முடியாது."

தேவாங்கு பாறையேறிய நாளின் மாலையில், ஒரு பெண்மான் நொண்டும் தன் கன்றுடன் குட்டைக்கு வந்தது. "இன்று காவல் யாரென்று பார்த்தாயா?" என்று குரங்கு கேட்டது.

"யாராயிருந்தால் என்ன, அண்ணா? காவலர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? அது போதும்" என்ற மான், கன்றை முன்னே விட்டது.

புதர் அசைந்தது. சிறுத்தையைக் கண்ட தேவாங்கு பதறிப் பொத்தானை அழுத்தியது. கணினி 'எச்சரி' என்னும் பகுதிக்குள் நுழைந்தது. அங்கே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பிழையின்றிச் செய்து முடித்தது. தேவாங்கு மீண்டும் அழுத்தியது. ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை.

சிறுத்தை பாயும்வரை கன்று நீரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

விலங்குகள் பாறையைச் சூழ்ந்தன. "நான் அழுத்தினேன்! இருமுறை அழுத்தினேன்!" என்று தேவாங்கு அழுதது. யானை தலையைத் தாழ்த்தி நின்றது.

மான் திரையை நோக்கியது. "எனக்கு எழுத்துத் தெரியாது, ஐயா. இதில் என்ன எழுதியிருக்கிறது?"

யானை படித்தது: "'சிறுத்தை வந்தது. எச்சரிக்கை செய்யப்பட்டது. பிழை ஏதும் இல்லை.'"

நீதி: பெயருக்கு மட்டும் ஏற்ற பொறுப்பு, மறுத்துவிட்ட பொறுப்பைவிடக் கேடு பயக்கும்.